ஏழு சீட்டுக்காக ஒரு ஜெபம்

அக்காவிடம் நேருக்கு நேர் பேச ஏசுராஜுக்குத் துணிச்சல் கிடையாது. அதனால் ஆண்டவரிடம் பேசிவிடுவது என்று முடிவு செய்தான். சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு வீட்டு ஜெபம், உபதேசியார் சாமுவேல் வருகிறார், நீயும் கட்டாயம் இருக்கவேண்டும் என்று புதன்கிழமையே வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பினான். அக்கா இருப்பது மாடியில், இவன் இருப்பது கீழ்வீட்டில். பதினெட்டுப் படி ஏறி வந்து சொல்ல முடியாதாம். ஜெயபுஷ்பம் அதைப் படித்துவிட்டு, "ஆரம்பிச்சிட்டான்" என்று போனைக் கட்டிலில் விட்டெறிந்தாள்.

ஆம்பூரில் அந்த வீட்டில் சண்டை நடக்கிற லட்சணமே அதுதான். வாயால் சண்டை போட்டால் எதிராளி பதில் சொல்லிவிடுவான். ஜெபத்தில் சொல்லிவிட்டால் ஒருத்தரும் குறுக்கே பேச முடியாது. கண்ணை மூடிக்கொண்டு கடைசிவரை கேட்க வேண்டும், முடிவில் ஆமென் வேறு சொல்லித் தொலைக்க வேண்டும். மனைவி மெர்சி குழம்பில் உப்பு ஜாஸ்தி போட்டால்கூட, "எங்கள் வீட்டுப் பெண்களுக்கு நிதானத்தைத் தாரும் பிதாவே" என்று அன்றைக்கு ஜெபிக்கிற ஆள் ஏசுராஜ். ஷூ கம்பெனியில் புரொடக்‌ஷன் இன்சார்ஜ். அங்கேயும் இப்படித்தான் வேலை வாங்குகிறானோ என்னவோ.

இந்தத் தடவை ஆண்டவரின் மேஜைக்குப் போன விவகாரம், ஜெயபுஷ்பத்தின் கார்.

மஞ்சள் நிறத்தில், தரையோடு தரையாக, இரண்டே கதவும் இரண்டே சீட்டும் உள்ள வெளிநாட்டு ஸ்போர்ட்ஸ் கார் அது. மேல்விஷாரத்து டேனரி முதலாளி ஒருவர் ஆசை ஆசையாக வாங்கி, தன் டேனரியிலேயே நல்ல தோலாகப் பொறுக்கி சீட்டுத் தைத்துப் போட்டு, தொந்தி ஸ்டியரிங்கில் இடிக்கத் தொடங்கியதும் விற்றுவிட்டார். வாங்கினவள், வேலூர் ஆஸ்பத்திரி ஒன்றில் வார்டு சிஸ்டராக இருந்த ஜெயபுஷ்பம். ஊரே வாயைப் பிளந்தது. அதெல்லாம் ஆகிப் பதினோரு வருஷம். ஆம்பூரிலிருந்து வேலூருக்கும் வேலூரிலிருந்து ஆம்பூருக்குமாக ஓடி ஓடி, மீட்டர் இப்போது மூன்று லட்சத்து நாற்பதாயிரத்தில் நிற்கிறது.

அவள் ஏன் அதை வாங்கினாள் என்று கேட்டால் எல்லோரும் வேகத்துக்கு என்றார்கள், பவுசுக்கு என்றார்கள். கல்யாணம் ஆகாதவள், அப்படித்தான் இருப்பாள் என்று கூடச் சொன்னார்கள். அட மடையர்களே! சீட்டுக்காக வாங்கினாள். இரண்டே இரண்டு சீட்டு. ஒன்றில் அவள், இன்னொன்றில் அவளுடைய கைப்பையும் டிபன் பாக்ஸும்.

அதற்கு முன்னால் அவளிடம் ஒரு வேன் இருந்தது. வேலூர் ஆஸ்பத்திரியில் வேலை, கையில் ஒரு வேன், போதாக்குறைக்குக் கல்யாணம் ஆகாதவள். சொந்தக்காரர்கள் விடுவார்களா? வாணியம்பாடியிலிருந்து அரக்கோணம் வரைக்கும் எவனுக்குக் கிட்னியில் கல் வந்தாலும் விடிகாலை நாலரைக்கு இவள் வாசலில் வந்து நின்றான். "புஷ்பம், அப்படியே டோக்கனும் எடுத்துக் குடுத்துடும்மா." பெரியப்பாவின் கண்புரை, சித்தி மருமகளின் ஆறாவது மாதம், யாரென்றே தெரியாத ஒருவரின் மூலவியாதி. பின்சீட்டில் வாந்தி எடுத்தார்கள், சண்டை போட்டார்கள், தூங்கினார்கள். இறங்கும்போது, "சாயங்காலம் எத்தினி மணிக்கு வருவ?" என்று மட்டும் கேட்டார்கள். ஒன்பது வருஷம் ஒருத்தி வாயைத் திறக்காமல் ஓட்டினாள். ஞாயிற்றுக்கிழமையென்றால் சபைக்கு இரண்டு நடை வேறு.

இரண்டு சீட்டு வந்து வாசலில் நின்ற மறுமாதமே போன் வருவது பாதியாகக் குறைந்தது. இடமில்லை என்று அவள் சொல்லவே வேண்டாம், காரே சொன்னது.

அந்தக் கார்தான் பத்து நாளைக்கு முன்னால் பள்ளிகொண்டா டோல்கேட் பக்கத்தில் நீலநீலமாகப் புகை கக்கிவிட்டு நின்றது. கட்டி இழுத்துவந்து அப்துல் கஃபாரிடம் விட்டாள். பதினோரு வருஷமாக அந்தக் காரைத் தொடுகிற ஒரே மெக்கானிக் அவர். இரண்டு நாள் பார்த்துவிட்டு, கையைத் துணியில் துடைத்துக்கொண்டே வந்தார்.

"பொய் சொல்ல மாட்டேன் சிஸ்டர். இஞ்சின்ல பிஸ்டன் ரிங்கு போய்டுச்சி. இஞ்சின இறக்கணும். செலவு ரொம்ப ஜாஸ்தி. வண்டிய வித்தாகூட அவ்ளோ வராது."

"இறக்கினா?"

"இன்னும் ஒரு லட்சம் கிலோமீட்டர் தாராளமா ஓடும். வச்சிக்கிறதா, வித்துடறதான்னு நான் சொல்ல மாட்டேன். ஓட்றது நீங்க. நீங்கதான் சொல்லணும்."

நீங்கதான் சொல்லணும்! அந்த வார்த்தையைத் தன் வீட்டில் ஒருத்தர் வாயிலிருந்தும் கேட்டதாக அவளுக்கு ஞாபகம் இல்லை. ஒரு வாரத்தில் சொல்வதாகச் சொல்லிவிட்டு வந்தாள்.

அவளுக்கும் மனசு ஒரு நிலையில் இல்லை. வயது ஐம்பத்தாறு, ரிட்டயர் ஆக இன்னும் இரண்டு வருஷம். அந்தக் காரில் உட்காருவது என்றால் கிணற்றில் இறங்குவது மாதிரி, எழுந்திருக்கும்போது முழங்கால் உயிர் போகிறது. காரின் விலையைவிட அதிகமாக அதன் இஞ்சினில் கொட்டுகிறவளைப் பைத்தியம் என்று சொன்னால் அதில் தப்பு இல்லை. இதற்கிடையில் தினமும் பஸ்ஸில் நின்றுகொண்டே வேலூர். பார்க்கிறவர்கள் முகத்திலெல்லாம் ஒரு சந்தோஷம். "இன்னா புஷ்பம், பஸ்லயா? வண்டி போச்சா?" என்று கேட்டவள் ஒருத்தி கேட்டுவிட்டு உட்கார இடம்கூடக் கொடுக்கவில்லை.

ஏசுராஜுக்கோ கல்யாணக் களை வந்துவிட்டது. அப்பா செத்தபோது ஒன்பது வயசுப் பையன். அவனுக்குச் சோறு போட்டு, பாலிடெக்னிக் படிக்கவைத்து, கல்யாணமும் பண்ணிவைத்தவள் அவள். அந்த நன்றியில்தான் இப்போது அவளுக்குக் கார் பார்த்துக் கொடுக்கிறான். பளபளவென்று ஒரு புத்தகத்தைக் கொண்டுவந்து நீட்டினான்.

"ஏழு சீட்டுக்கா. ஏறி உக்காந்தா ராணி மாதிரி இருக்கும். இந்த வயசுல இன்னாக்கா, காலேஜ் பசங்க வண்டி? என் கம்பெனில சிரிக்கிறாங்க."

"ஏழு சீட்டுல யார்றா உக்காருவாங்க?"

"நாந்தான் முன்னாடி. மெர்சியோட அம்மா, பசங்க ரெண்டு பேரு. மெர்சி கடைசி சீட்டுல பையெல்லாம் வச்சிக்கினு உக்காந்துக்குவா. ஒரு சீட்டு உபதேசியாருக்கு இருக்கட்டும். ஊழியத்துக்கும் ஆவுமில்ல?"

ஓட்டுவது யார் என்று அவன் சொல்லவில்லை. சொல்லவும் வேண்டாம். டிரைவிங் டெஸ்டில் இரண்டு தடவை தோற்று, மூன்றாவது தடவை போகவே பயந்து ஸ்கூட்டரோடு நின்றுவிட்ட வீரன் அவன். பக்கத்தில் நின்ற மெர்சி, கடைசி சீட்டில் பைகளுக்கு நடுவே தன்னை உட்கார்த்தி வைத்ததைக் கேட்டும் வாயைத் திறக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் நாற்பது பிள்ளைகளை அதட்டுகிறவள், வீட்டுக்கு வந்தால் வாயில்லாப் பூச்சி. ஜெயபுஷ்பத்துக்கு அவளைப் பார்த்தாலே எரிச்சல்.

ஆனாலும் வெள்ளிக்கிழமை டியூட்டி முடிந்ததும் அவள் தனியாக அந்த ஷோரூமுக்குப் போனாள். பொய் சொல்வானேன், ஏறி உட்கார்ந்ததும் பிடித்துத்தான் போயிற்று. முழங்கால் சத்தமே போடவில்லை. விற்கிற பையன், "ஃபேமிலிக்குன்னே செஞ்ச வண்டி மேடம்" என்று பெருமையாகச் சொல்லி, பின்சீட்டுகளைப் பார்க்கச் சொல்லி நடுக் கண்ணாடியைத் திருப்பி வைத்தான். அவள் பார்த்தாள். இரண்டு வரிசையாக ஐந்து காலி சீட்டுகள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தன. எந்த சீட்டில் எந்த முகம் வந்து உட்காரும், எது வாந்தி எடுக்கும், எது ஏசியைக் குறை, கூட்டு என்று நச்சரிக்கும் என்பதுகூட அவளுக்குத் தெரிந்தது. பையன் காபி வாங்கிவரப் போன நேரத்தில் இறங்கி வந்துவிட்டாள்.

சனிக்கிழமை ஆறு மணிக்குக் கீழ்வீட்டுக் கூடத்தில் பாய் விரித்தாயிற்று. உபதேசியார் சாமுவேல் ஒரு பாட்டுப் பாடி, சங்கிலி ஜெபம் செய்வோம், ஒவ்வொருவராக ஜெபியுங்கள் என்றார். எல்லோரும் கண்ணை மூடினார்கள். ஏசுராஜ் தொண்டையைச் செருமினான்.

"அன்பின் பரலோகப் பிதாவே, ஸ்தோத்திரம். எங்கள் அக்காவுக்காக உமது சமுகத்தில் வருகிறோம். இந்த வயதிலே அவர்கள் தரையோடு தரையான ஒரு வண்டியில் போய்வருவதை நீர் காண்கிறீர். அவர்களுடைய முழங்கால்களை நீர் அறிந்திருக்கிறீர். சாட்சியுள்ள ஒரு வாகனத்தைத் தாரும் ஆண்டவரே."

"ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்" என்றார் உபதேசியார்.

"ஏழு பேர் அமரக்கூடிய வாகனத்தைத் தாரும். டீசலாக இருக்கட்டும் ஆண்டவரே. பின்சீட்டுக்கும் ஏசி வரட்டும். மாதக் கடைசிக்குள் புக் பண்ணினால் ஆஃபர் உண்டு என்பதையும் நீர் அறிவீர். பழையதை விட்டுவிட அக்காவுக்கு மனதைத் தாரும்."

ஆண்டவர் வேலூரில் ஷோரூம் வைத்திருக்கிறார் என்று நினைத்தானோ என்னவோ, பெயிண்ட் கலரை மட்டும்தான் சொல்லாமல் விட்டான். ஜெயபுஷ்பத்துக்குப் பல் நறநறத்தது. அவன் முடித்ததும் அடுத்து மெர்சி. "எல்லாரையும் ஆசீர்வதியும் ஆண்டவரே" என்றாள். அவ்வளவுதான், அதோடு சரி.

அடுத்தது தன் முறை என்று ஜெயபுஷ்பத்துக்குத் தெரியும். ஒவ்வொரு தடவையும் இரண்டு வரியில் முடித்துக்கொள்கிறவள் அவள். இன்றைக்கு உட்கார்ந்த இடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"பிதாவே, ஸ்தோத்திரம். என் தம்பி என் முழங்காலப் பத்தி உம்மகிட்ட சொன்னான். என்கிட்ட ஒருநாளும் கேட்டதில்ல, உம்மகிட்டயாவது சொன்னானே, நன்றி. ஆண்டவரே, ஒம்பது வருசம் நான் வேன் ஓட்டினேன். என் பின்னாடி உக்காந்து வந்தவங்க பேரெல்லாம் உமக்குத் தெரியும். அதுல எத்தினி பேரு, சாப்ட்டியா புஷ்பம்னு கேட்டாங்க? ஒருத்தர் பேரச் சொல்லும், கேக்கறேன்."

உபதேசியார் ஸ்தோத்திரம் சொல்ல வாயெடுத்து, எந்த இடத்தில் சொல்வது என்று தெரியாமல் விட்டுவிட்டார். ஏசுராஜ் இருமினான். அந்த இருமலை அவள் சட்டை பண்ணவில்லை.

"இந்த வண்டில எனக்கு சந்தோஷமா இருக்குது ஆண்டவரே. வேற யார்கிட்டயும் சொன்னதில்ல, உம்மகிட்ட சொல்றேன். பள்ளிகொண்டா தாண்டி ரோடு காலியா இருந்தா நான் மிதிக்கிறேன், அது பறக்குது. வூடு போய்ச் சேர்ற வரைக்கும் யாரும் என்னை அக்கான்னு கூப்பிடறதில்ல, சிஸ்டர்னு கூப்பிடறதில்ல, வாந்தி எடுக்கப் பக்கெட்டு எங்கன்னு கேக்கறதில்ல. அது எனக்கு வேணும். முழங்கால் வலிச்சா வலிச்சிட்டுப் போவட்டும், என் முழங்கால்தான? இன்னிக்குக் காலையில கஃபார் பாய்கிட்ட இஞ்சின இறக்கச் சொல்லிட்டேன். ஏழு சீட்டு வண்டி கண்டிப்பா நல்ல வண்டிதான், நானே ஏறிப் பார்த்தேன். அது என் தம்பிக்கு வேணும்னா அவனுக்குக் குடும். கூடவே லைசென்ஸ் எடுக்கிற தைரியத்தையும் அவனுக்குக் குடும். என்னை விட்டுடச் சொல்லும் ஆண்டவரே. நான் ஓட்டினது போதும். இயேசுவின் நாமத்தில் கேக்கறேன், ஆமென்."

ஆமென் சொல்ல ஒருத்தரும் இல்லை. உபதேசியார் தன் ஏழாவது சீட்டு கைநழுவிப் போனதை யோசித்தாரோ என்னவோ, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டிருந்தார். ஏசுராஜின் காது மடல் சிவந்திருந்தது. ஜெயபுஷ்பம் கண்ணைத் திறந்து அதைப் பார்த்தாள். மனசு குளிர்ந்தது.

"ஆமென்" என்றது ஒரு குரல்.

மெர்சி. வகுப்பில் கேட்கிற குரல் அது, இந்தக் கூடத்தில் அதை யாரும் கேட்டதில்லை. ஏசுராஜ் சடாரென்று கண்ணைத் திறந்து மனைவியை முறைத்தான். அவள் அதைப் பார்க்கவில்லை. கண்ணை மூடியபடியே கைகளை இன்னும் இறுக்கமாகக் கோத்துக்கொண்டு, முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டாள்.

"ஆண்டவரே, நான் இன்னும் முடிக்கல" என்றாள். "பதினேழு வருசமா சேத்து வச்சிருக்கேன். கொஞ்சம் நேரம் ஆவும். எல்லாரும் கண்ண மூடிக்கச் சொல்லும்."