கடைசி இருக்கையில் உயர்ந்த கை

பெய்து ஓய்ந்த மழையின் எஞ்சிய துளிகள் கூரை விளிம்புகளில் முத்தெனத் தொங்கிச் சுடர, நனைந்த தெருக்களெங்கும் சீருடைச் சிறார் சிட்டுக்குருவிகள்போல் ஆரவாரித்து விரைய, நகரின் ஓரத்தில் நின்ற அந்த மூன்றடுக்குப் பள்ளி தன் சாளரங்களையெல்லாம் திறந்து அவர்களை எதிர்நோக்கியிருந்த இளங்காலைப் பொழுது அது.

ஆண்டுதோறும் அங்கே கற்பித்தற் பயிற்சிக்கு வரும் இளையோரை ஏற்க எவரும் முன்வருவதில்லை. பாடம் பின்தங்கும், வேலை இரட்டிக்கும் என்று ஏனையோர் தட்டிக்கழிக்க, கணக்காசிரியை மட்டும் தலைமையாசிரியர் கேட்டு முடிக்குமுன்பே தலையசைப்பார். நற்பெயருக்கு அலைகிறார் என்றனர் சிலர். வேலையைப் பிறர் தலையில் கட்டுகிறார் என்றனர் வேறு சிலர். படிப்போரே, இரண்டும் உண்மையல்ல.

அவருடைய ஒரே மகளும் ஆசிரியையாக விரும்பியவளே. தலையணைகளை வரிசையாய் அமர்த்தி வாய்ப்பாடு ஒப்பித்து வளர்ந்தவளே. பயிற்சிக்குச் சென்ற வேற்றூர்ப் பள்ளியில் அவள் சொல் தடுமாறிய ஒரு நொடியில், வழிகாட்ட வேண்டியவரே எழுந்து வந்து, சுண்ணக்கட்டியைப் பிடுங்கி, "உனக்கெல்லாம் யாரு இந்த ஆசையக் காட்டுனது?" என்று வகுப்பே கைகொட்டிச் சிரிக்கக் கேட்டார். வீடு திரும்பியவள் பின்னர் எந்த வகுப்பறையிலும் கால் வைக்கவில்லை. தொலைவூரில் ஒரு துணிக்கடையில் வேலைக்கமர்ந்து, பள்ளி மணி ஒலிக்கும் தெருவையும் தவிர்த்துச் சுற்றிக்கொண்டு போகிறாள்.

அன்று காலை பாடம் நடத்த நின்றவள், மெலிந்த குரலால் 'காத்து டீச்சர்' என்று மாணவர் பெயரிட்டிருந்த பயிற்சிப்பெண். அரையைக் காலால் வகுத்து, விடை இரண்டு என்று அவள் எழுதியதும், முன்வரிசைச் சிறுமி ஒருத்தி எழுந்தாள்.

"வகுத்தா குறையத்தானே செய்யணும்? எப்படிக் கூடுச்சு?"

பயிற்சிப்பெண் பலகையையும் சிறுமியையும் மாறிமாறிப் பார்த்தாள், சிரிப்பலை மெல்லக் கிளம்பிற்று. அந்நேரம் கடைசி இருக்கையில் மாணவர் நடுவே அமர்ந்திருந்த கணக்காசிரியை, தாமும் ஒரு மாணவிபோல் கையை உயர்த்தினார்.

"டீச்சர், எனக்கும் அது புரியல. அரை ரொட்டிய, முழு ரொட்டில கால் அளவுத் துண்டா வெட்டினா எத்தன துண்டு வரும்?"

சிரிப்பு திசைமாறிற்று. பயிற்சிப்பெண் ஒரு வட்டம் வரைந்தாள், பாதியை அழித்தாள், எஞ்சியதில் குறுக்கே ஒரு கோடிட்டாள். "ரெண்டு!" என்று வகுப்பு முழங்கிற்று. அணையவிருந்த சுடர் எண்ணெய் கண்டு நிமிர்ந்ததுபோல் அவள் குரல் எழுந்து, பின்சுவர்வரை வந்து நின்றது.

மாலையில், கண்கள் பனிக்க அவள் வினவினாள்: "நீங்களே வந்து சொல்லிக் குடுத்திருக்கலாமே?"

"நான் எழுந்து வந்திருந்தா, நீ போயிருப்பே" என்றார் அவர்.

அவள் சென்றபின், வெறுமையான வகுப்பறையிலிருந்தே மகளைத் தொலைபேசியில் அழைத்து, நெடுநாள் பேசாதிருந்த அந்தப் பேச்சை எடுத்து, நிகழ்ந்தது யாவும் கூறினார்.

"நல்லது பண்ணியிருக்கே, அம்மா" என்றாள் மகள். பின்னர், உடைந்த குரலில், "அன்னைக்கு என் வகுப்புலயும் நீ இருந்திருக்கலாம்" என்றாள்.

உரிய பொழுதில் ஒருத்திக்குக் கிட்டாத பரிவைப் பின்னர் ஊரார் மக்கள் எத்தனை பேருக்கு வாரி வழங்கினாலும், அது அந்த ஒருத்தியிடம் போய்ச் சேர்வதில்லை. அதனை அறிந்திருந்தும், வழங்காதிருக்க அத்தாயுள்ளத்தால் ஆகவில்லை.