ஒழுகும் சேணம்

நீலாவதியின் குதிரைக்குப் பெரிய தொரை என்று பெயர். அவள் நிக்கோபாரில் கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவள். அவளுடைய அப்பா அம்மா அதற்கு முன் இலங்கைத் தேயிலை மலையில் இருந்தவர்கள். அங்கே தோட்டத்து மேலாளரைத்தான் பெரிய தொரை என்பார்களாம். வயிறு முன்னால் புறப்பட, உடம்பு சாவகாசமாகப் பின்னால் வர, பிறர் வேலை செய்கிற இடத்தில் போய் நின்றுகொண்டு, தான் மட்டும் ஒன்றும் செய்யாத அந்த நடை இந்தக் குதிரைக்கு அப்படியே வாய்த்திருந்தது.

குதிரை அவளிடம் வந்ததும் ஒரு கூத்து. கடற்கரையில் சுற்றுலாக்காரர்களைச் சவாரி ஏற்றிச் சம்பாதிக்கலாம் என்று ஒருவர் மூன்று குதிரைகளைக் கொண்டுவந்து, தொழில் படுத்துப்போய், திரும்பிப்போகக் கப்பலுக்கு வந்து நின்றார். நீலாவதி அப்போது கப்பல் டிக்கெட் கவுண்டரில் இருந்தாள். ஓய்வு பெற இன்னும் ஒரு வாரம். முப்பத்திரண்டு வருடமாக ஒரு நாளைக்கு நானூறு தடவை "இடமில்லை" என்று சொல்லிப் பழகிய வாய். இரண்டு குதிரைக்கு எப்படியோ இடம் கிடைத்துவிட்டது. மூன்றாவதைப் பார்த்ததும் வாய் தானாகவே "இடமில்லை" என்றது. பெரிய தொரை கவுண்டர் கம்பிக்குள் மூக்கை நுழைத்து அவளை ஒரு பார்வை பார்த்தது. அவ்வளவுதான். மறுவாரம் அவள் வேலையை விட்டு வீட்டுக்குப் போனபோது ஒரு மாலை, ஒரு சுவர்க் கடிகாரம், ஒரு குதிரை ஆகிய மூன்றும் பாம்பூஃப்ளாட்டில் அவள் வீட்டுக்கு வந்து சேர்ந்தன.

அப்புறம் யூடியூபில் டிரெஸ்ஸாஜ் பார்த்தாள். குதிரையை ஓடவிடாமல், வேலி தாண்டவிடாமல், ஓரமெல்லாம் எழுத்துப் பலகை நட்ட ஒரு செவ்வக வெளியில் எழுத்துக்கு எழுத்து நேராகவும் வளைவாகவும் நடத்திக் காட்டுகிற கலை அது. ஓட வேண்டும் என்ற ஆசையே இல்லாத குதிரைக்கு இதைவிடப் பொருத்தமாக என்ன இருக்கிறது? தீவின் இன்டர்நெட்டில் ஒரு குதிரை ஒரு அடி எடுத்துவைக்க நான்கு நிமிடம் ஆகும். நீலாவதி அதனால் ஒவ்வொரு அடியையும் உலகத்தில் வேறு யாரும் படிக்காத அளவுக்கு ஆழமாகப் படித்தாள்.

மெயின்லாண்டில் ஒரு கிளப், வீடியோ அனுப்பினாலே போதும் என்று புதியவர்களுக்கு ஒரு போட்டி வைத்தது. கடைசி நாள் இரண்டு மாதம் கழித்து வரும் ஒரு ஞாயிறு. முறையான டிரெஸ்ஸாஜ் சேணம் இருக்க வேண்டும். நீலாவதியிடம் இருந்ததோ கடற்கரைக்காரர் விட்டுப்போன ஒரு பழைய சேணம். அது பெரிய தொரையின் முதுகைப் புண்ணாக்கிவிட்டது. புண் ஆறிவிட்டது. ஆனால் கால்நடை மருத்துவர் பாலகுமார் போகும்போது கும்பிட்டுச் சொன்னார்: "அம்மா, இன்னொரு தடவ இத மாட்டினீங்க, நான் உங்க முதுகுல மாட்டிருவேன். சரியான சேணம் கிடைக்கிற வரைக்கும் சவாரி பந்த்!"

அந்தமானில் சேணத்துக்கு எங்கே போவது? நீலாவதி இரண்டு மாதம் குதிரைக்குப் பக்கத்திலேயே நடந்தாள். அவள் முகம் வாடிய வாட்டத்தில் முற்றத்துத் தென்னையிலேயே இரண்டு காய்ந்துவிட்டன.

அந்த ஞாயிறு நெருங்கியபோதுதான் வாட்ஸப் குழுவில் அந்தச் செய்தி வந்தது. போர்ட் பிளேயரில் யாருக்காவது மாற்றல் வந்தால் சாமானைக் கப்பலேற்றுவதைவிட விற்றுவிட்டுப் போவதே மேல் என்று பட்டியல் போடுவார்கள். மரைன் ஹில்லில் இருந்த உமா மகேஸ்வரி என்ற வங்கி மேனேஜரும் போட்டிருந்தாள்: ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின், டைனிங் டேபிள், தொட்டியோடு கறிவேப்பிலைச் செடி ஆறு, டிரெஸ்ஸாஜ் சேணம் இரண்டு.

நீலாவதி அவசரத்தில் அழுத்தியதில் போன் மூன்று தவறான ஆட்களுக்குப் போய், நான்காவதாகத்தான் சரியான ஆளுக்குப் போனது.

"அக்கா, நெசமாலுமே உங்ககிட்ட குதிரை இருக்குதுங்களா?" உமாவின் குரல் உடைந்தது. கோயம்புத்தூர்ப் பெண். தீவு, கடற்கரை, குதிரை என்று கனவு கண்டு சேணங்களோடு வந்து இறங்கி, இரண்டு வருடமாக ஒரு குதிரையின் வாலைக்கூடக் கண்டவள் இல்லை. "நான் கேக்காத ஆளில்லீங்க. பெட்ரோல் பங்க்ல கூடக் கேட்டேன்."

"பெட்ரோல் பங்க்ல எப்பிடி மேடம் இருக்கும்? அது புல்லுல்ல திங்குது."

"போட்டுப் பாக்காம சேணம் குடுக்க மாட்டேனுங்க. தப்பான சேணம் குதிரைக்குச் சித்திரவதை. நாளைக்குக் கூட்டிட்டு வாங்க. பன்னெண்டு மணிக்கு பேக்கிங் ஆளுங்க வந்துருவாங்க, விக்காதது பூராவும் கன்டெய்னர்ல ஏறிரும்."

மறுநாள் காலை பெரிய தொரை வெஹிகிள் ஃபெரி ஏறியது. கூட நீலாவதியின் கணவர் அழகர்சாமி. மதுரைப் பக்கத்து ஆள், துடுப்பு மாதிரி ஒல்லி. நாற்பது வருடம் படகுத் துறையில் தச்சர். அவருக்கு உலகத்தில் இரண்டே வகைதான்: ஒழுகுவது, ஒழுகாதது. குடையையும், கூரையையும், கல்யாண மாப்பிள்ளைகளையும் அவர் அப்படித்தான் எடைபோடுவார்.

ஃபெரியில் வண்டிகளை நிறுத்துகிற யோகராஜ் தலையைச் சொறிந்தான். "அங்கிள், இத டூ வீலர்ல போடவா, ஃபோர் வீலர்லயா?"

"கால எண்ணித் தெரிஞ்சுக்கப்பா."

"டீக் ஹை. ஹேண்ட் பிரேக் போட்ருங்க."

தண்ணீர் லாரிக்கும் மாப்பிள்ளைக் காருக்கும் நடுவில் நின்று பெரிய தொரை தூங்கிவிட்டது. சாத்தம் கரை வந்ததும் பின்னாலிருந்த அத்தனை ஹாரனும் சேர்ந்துதான் அதை எழுப்ப வேண்டியிருந்தது.

மரைன் ஹில் மேட்டில் வீட்டு வாசலிலேயே உமா காத்திருந்தாள். குதிரையைக் கண்டதும் கழுத்தைக் கட்டிக்கொண்டு ஐந்து நிமிடம் அழுதாள். ஃப்ரிட்ஜ் வாங்க வந்த இருவர் வீட்டில் ஏதோ கெட்ட செய்தி என்று நினைத்துச் சத்தமில்லாமல் திரும்பிப் போனார்கள்.

முதலில் பழுப்புச் சேணம். பெரியது, மெத்தென்றது, பழைய வெல்லம் நிறம். முதுகில் வைத்ததும் அழகர்சாமி பின்பக்கம் போய், குனிந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு அடியில் பார்த்தார். படகுப் பலகை இணைப்பைப் பார்க்கிற பார்வை.

"பக்கா! ஒரு இடுக்கு இல்ல. கடல்ல எறக்குனாலும் ஒரு சொட்டு உள்ள போகாது. இதையே எடு நீலா."

நீலாவதி ஏறி உட்கார்ந்தாள். அடடா! அவள் உடம்பை அச்சில் வார்த்துச் செய்ததுபோல இருந்தது. அறுபத்திரண்டு வயதில் அவளை இத்தனை மரியாதையாக ஒரு பொருளும் தாங்கியதில்லை. கண்ணை மூடிக்கொண்டாள். கண்ணுக்குள் வீடியோ ஓடியது, பரிசு வந்தது, தெருவில் யாரோ பேனர் கட்டினார்கள்.

பெரிய தொரை இரண்டு அடி வைத்தது. காது இரண்டும் பின்னால் மடங்கின. மூன்றாவது அடி பின்பக்கமாகப் போனது. நான்காவதும் ஐந்தாவதும் அப்படியே. விற்பனைக்கு வெளியே வைத்திருந்த டைனிங் டேபிளின் மேல் அது தன் பின்புறத்தைச் சாய்த்து நின்றது.

"முதுகெலும்பு மேலயே உக்காருதுங்க அக்கா," என்றாள் உமா. "நடுவுல சந்து வேணும். இதுல அது ஒடுக்கம். அதுக்கு வலிக்குது."

"டேபிளப் புடிச்சிருக்கும் மேடம். கொஞ்சம் பழகினா..." என்று இழுத்த நீலாவதி கீழே பார்த்தாள். முன்பு புண் இருந்த இடத்தில் தோல் துடித்துக்கொண்டிருந்தது. சட்டென்று இறங்கிவிட்டாள்.

அடுத்தது கறுப்புச் சேணம். அழகர்சாமி மறுபடி பின்னால் போய்க் குனிந்தவர், தேள் கொட்டினாற்போல நிமிர்ந்தார்.

"மேடம், தப்பா நெனைக்காதீக. ஓட்டை வண்டியத் தலைல கட்டப் பாக்குறீக. இந்தப் பக்கம் பாத்தா அந்தப் பக்கம் ஹார்பர் தெரியுது!"

"அது தெரியணுங்க அண்ணா."

"அரே, இவ்ளோ பெரிய சந்தா? தேங்காநாரும் கீலும் குடுங்க, பத்து நிமிசத்துல அடைச்சுத் தர்றேன்."

"அடைச்சீங்கன்னா நான் மாற்றலையே கேன்சல் பண்ணிட்டு இங்க இருந்து உங்க மேல கேஸ் போடுவேன்!"

அழகர்சாமி வாதாடுகிற ஆள் இல்லை, நிரூபிக்கிற ஆள். செடிக்கு ஊற்ற வைத்திருந்த மக்கில் தண்ணீர் மொண்டு, சேணத்தின் முன்பக்கம் குதிரையின் பிடரி முடிகிற இடத்தில் ஊற்றினார். தண்ணீர் சேணத்துக்கு அடியில் முதுகு நெடுக ஒரு தடையுமில்லாமல் ஓடி, வாலுக்கு மேல் அருவியாக விழுந்தது.

"தேக்கோ! லீக்!" என்று வெற்றியோடு கத்தினார்.

உமா கைதட்டிக் குதித்தாள். "அண்ணா, சேணத்துல இந்த மாதிரி சோதனை எந்தப் புஸ்தகத்துலயும் இல்லீங்க! எங்கயும் தட்டாம ஓடுதுன்னா முதுகெலும்புல எங்கயும் படலைன்னு அர்த்தம். அளவெடுத்துத் தச்ச மாதிரி இருக்குது!"

பெரிய தொரை நீளமாக ஒரு பெருமூச்சு விட்டது. கறிவேப்பிலைச் செடி ஆறும் ஒரு பக்கமாகச் சாய்ந்தன. காது முன்னால் வந்தது. யாரும் சொல்லாமலே நான்கு அடி முன்னால் நடந்தது.

நீலாவதி ஏறினாள். ஏறியவள் உட்கார இடம் தேடினாள். சேணத்தின் பின்விளிம்புக்கும் உட்கார்ந்தவரின் பின்புறத்துக்கும் நடுவில் நான்கு விரல் இடம் இருக்க வேண்டும் என்பது கணக்கு. இங்கே நீலாவதியில் பாதிதான் சேணத்தில் இருந்தது, மீதி அந்தமான் கடல் காற்றில் இருந்தது.

"ஒண்ணரை இஞ்ச் சின்னதுங்க," என்றாள் உமா மெதுவாக. "குதிரைக்கு கறுப்பு, உங்களுக்குப் பழுப்பு."

"ரெண்டையும் சேத்து ஒண்ணா அடிச்சுரட்டா?" என்றார் அழகர்சாமி. மணி பதினொன்றரை. மேட்டின் கீழே பேக்கிங் லாரியின் முனகல் கேட்க ஆரம்பித்தது.

நீலாவதி பழுப்பைப் பார்த்தாள். அது தாய்மடி மாதிரி விரிந்து கிடந்தது. அது இருந்தால் ஞாயிற்றுக்கிழமை போட்டி உண்டு. கறுப்பை எடுத்தால் இந்த ஞாயிறு இல்லை, எந்த ஞாயிறும் இல்லை. குதிரையின் பிடரியைத் தடவிக்கொண்டே சொன்னாள்:

"கறுப்பையே குடுங்க மேடம்."

"அப்ப போட்டி?" என்றார் அழகர்சாமி.

"அது முதுகு. நானா சொமக்கப்போறேன்? வேற யாராச்சும் ஒல்லியா ஏறட்டும். நீங்க ஏறுங்க."

"நானா!" அழகர்சாமி இரண்டு அடி பின்னால் பாய்ந்து வாஷிங் மெஷினுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார்.

உமா அவளையே உற்றுப் பார்த்தபடி குதிரையைச் சுற்றி வந்தாள். முழங்கால் இரண்டும் முன்னால் தூக்கி, பாதம் மூக்குக்கு நேராக நிற்க, முதுகு பின்னால் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள் நீலாவதி.

"அக்கா, நீங்க குதிரை மேல உக்காரலீங்க. நாற்காலில உக்காந்திருக்கீங்க. டிக்கெட் கேட்டா எடுத்துக் குடுப்பீங்க போல!"

சொல்லிவிட்டு, கால் வைக்கிற அங்கவடியின் வாரை ஐந்து ஓட்டை இறக்கினாள். "காலத் தொங்கப் போடுங்க. இன்னும். எலும்பு கழண்ட மாதிரி. குதிகால் உங்க இடுப்புக்கு நேர் கீழ வரணும்."

"விழுந்துருவேன் மேடம்!"

"விழ மாட்டீங்க. தொடையக் கீழ விடுங்க."

நீலாவதி "முருகா" என்று காலை விட்டாள். முப்பத்திரண்டு வருட அரசாங்க நாற்காலி அவள் இடுப்பிலிருந்து கடகடவென்று கழன்று விழுந்த சத்தம் வடக்கே ரங்கத் ஊர் வரைக்கும் கேட்டிருக்கும். முழங்கால் இறங்க இறங்க, பின்புறம் தானாக முன்னால் வழுக்கிச் சேணத்தின் பள்ளத்தில் போய் அமர்ந்தது.

"அண்ணா, வாங்க. அக்காவுக்குப் பின்னால வெரல வெச்சுப் பாருங்க."

"மேடம் முன்னாடியா?" அழகர்சாமிக்குக் காது சிவந்தது.

"அட, வைங்க!" என்று மேலிருந்து அதட்டினாள் நீலாவதி.

அவர் பலகை இடுக்கைச் சோதிப்பதுபோல ஒரு விரல் வைத்தார், இரண்டு வைத்தார், மூன்று வைத்தார். நாலாவதையும் லேசாக நெருக்கி நுழைத்துவிட்டு, ஆழ்ந்த கவலையோடு அறிவித்தார்: "நாலு போகுது. இங்கயும் லீக்."

நீலாவதி சிரித்த சிரிப்பில் பெரிய தொரை கிளம்பிவிட்டது. வயிறு முன்னால் போகவில்லை, உடம்பு பின்தங்கவில்லை. முதுகை உயர்த்தி, கழுத்தை வளைத்து, முற்றத்தின் நடுவில் நேர்கோடாக நடந்து, அவள் மூச்சை விட்டதும் நான்கு காலும் ஒரு பெட்டியின் நான்கு மூலைபோல நிற்க நின்றது. அவள் கடிவாளக் கயிற்றை இழுக்கவே இல்லை. யூடியூபில் நான்கு நான்கு நிமிடமாக அவள் பார்த்துத் தீர்த்த அந்த நிற்றல் இதோ ஒரே நொடியில் அவளுக்கு அடியில் இருந்தது. உமா மறுபடி அழுதாள். இந்தத் தடவை போனில் வீடியோ எடுத்துக்கொண்டே அழுதாள்.

கேட்டைத் திறந்துகொண்டு பேக்கிங் ஆட்கள் வந்தார்கள். அவர்களில் பெரியவர் பட்டியலைப் பார்த்தார், குதிரையைப் பார்த்தார், மேலே இருந்த நீலாவதியைப் பார்த்தார். அளவு டேப்பை உருவினார்.

"மேடம், யே பீ பேக் கர்னா ஹை? இதையுமா கட்டணும்?"

"நஹீ பையா," என்றாள் நீலாவதி, குதிகாலை இன்னும் ஒரு விரல் கீழே இறக்கிக்கொண்டு. "கொஞ்சம் நகருங்க. நாங்க திரும்பணும்."