எண்ணெய் காய்ச்சும் மாப்பிள்ளை

என் அப்பாவைச் சாராயம்தான் கொண்டுபோனது. அதனால் எனக்கு மாப்பிள்ளை பார்த்தபோது அம்மா கேட்டது ஒன்றே ஒன்று, பையன் குடிக்கக் கூடாது. மரிய அந்தோணி ஆவூர் மாதா முன்னால் சத்தியம் செய்தார், நானும் கழுத்தை நீட்டினேன். இன்றுவரை அவர் ஒரு சொட்டுத் தொட்டதில்லை. என் மகள் வியாகுலமேரியையும் சாராய வாடையே இல்லாத வீட்டில்தான் கொடுப்பேன் என்று பிடிவாதமாக இருந்தேன். வந்த வரன்களை வாசலோடு அனுப்பினேன். திமிர் பிடித்தவள் என்றார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

1958 முந்திரிப் பருவத்தில் ஆரோக்கியமுத்து தன் தாயாரோடு பெண் பார்க்க வந்தான். பம்பாய்ப் பக்கம் எண்ணெய் ஆலையில் வேலை.

"அங்கிட்டு என்ன வேலை தம்பி?" என்று கேட்டேன்.

"பூமிக்கடியில இருந்து கறுப்பா எண்ணெய் எடுக்குறாங்க அத்தை. அதக் காய்ச்சிப் பிரிக்கிற வேலை."

பூமிக்கடியில் எண்ணெய் ஏது என்றேன். எந்தக் காலத்திலோ கடலில் செத்த பொடிப்பொடி உயிர்கள் சேற்றில் புதைந்து, மேலே மண் அழுத்தி, பூமிச் சூட்டில் வெந்து எண்ணெயானதாம். மண்ணெண்ணெயும் அதிலிருந்துதான் வருகிறதாம். தினமும் நான் விளக்குக்கு ஊற்றுவது அதுதானா என்று மனசு என்னவோ போல் ஆனது. கோடிக்கணக்கான வருஷம் இருட்டில் கிடந்துவிட்டு, என் அடுப்படிக்கு வந்து வெளிச்சம் கொடுக்கிறது.

அப்புறம் காய்ச்சும் விதத்தைச் சொன்னான். எண்ணெயைச் சூடாக்கினால் ஆவி உயரமான இரும்புக் கோபுரத்தில் ஏறும், குளிர்ந்து சொட்டும். லேசானது உச்சியில், கனமானது அடியில். பெட்ரோல், மண்ணெண்ணெய், டீசல், கடைசியில் ரோட்டுக்குத் தார்.

"சாராயம் காய்ச்சுற மாதிரியில்ல இருக்கு" என்று கேட்டேவிட்டேன். அவன் தாயாரின் முகம் சுருங்கியது.

"வித்தை ஒண்ணுதான் அத்தை. ஆனா இதக் குடிச்சா செத்துருவோம்."

சாராயத்தைக் குடித்தும்தானே என் அப்பா செத்தார். இந்த இடம் வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் என் வீட்டுக்காரர் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்.

"முதல்ல சொட்டுறதக் கீழ கொட்டிருவீங்கல்ல தம்பி? அது தலையக் கிறுகிறுக்க வைக்குமே."

"முதல்ல வாரதுதான் மாமா பெட்ரோலு. அதக் கொட்டுனா என் வேலை போயிரும்."

"தீய ஒரே சீரா எரிக்கணும். கூடிப்போச்சுன்னா அடிப்பிடிச்ச வாடை வரும். முந்திரிப் பழத்துக்கெல்லாம்..." அதோடு நிறுத்திக்கொண்டார்.

இதெல்லாம் இவருக்கு எப்படித் தெரியும்? பருவம் முழுக்க ராத்திரியில் தோப்புக் காவல் என்று போவார். கொட்டை போக மிஞ்சிய பழத்தை எருவுக்குப் புதைக்கிறேன் என்பார். சட்டையில் வாடை அடித்தால் அழுகல் பழம் என்பார், நானும் துவைத்துப் போடுவேன். குடிக்க மாட்டேன் என்றுதானே சத்தியம் செய்தார்? மனிதர் அதை மீறவில்லை. வேறு யார் யாருடைய அப்பாவையோ குடிக்க வைத்திருக்கிறார்.

மகளைப் பார்த்தேன். சம்மதம் என்று தலையசைத்தாள்.

"பெத்த தாய பக்கத்துல வச்சுக்கிட்டே ஒளிக்காம தொழிலச் சொல்றானே, இந்தப் பிள்ளைக்கே எம் பொண்ணக் குடுக்குறேன்" என்றேன் அந்த அம்மாளிடம்.

அவர்கள் கிளம்பியதும், தோப்பில் வேலை கிடக்கிறது என்று முணுமுணுத்தபடி இவர் எழுந்தார்.

"இருங்க, புதைச்ச பானைய உடைக்க நானும் வாரேன்" என்று கடப்பாரையை எடுத்தேன்.