எப்சி எடுத்த அச்சு

மீனம்பாக்கத்திலிருந்து விமானம் கிளம்பும்போதெல்லாம் பொழிச்சலூர் ஏஞ்சல் தரையிலிருந்து ஒரு முழம் மேலே போய்விடுவாள். சத்தம் தேய்ந்ததும் இறங்கிவிடுவாள். அவளுடைய இரண்டாவது சாக்கெட்தான் இதற்குக் காரணம்.

ஜிஎஸ்டி ரோட்டில் தண்ணீர் லாரி ஏறி, அவளுடைய இடது கால் முட்டிக்குக் கீழே போயிற்று. அவளுக்கு நிச்சயமாகியிருந்த பென்னி, கல்யாணத்தில் மாற்றமில்லை என்று ஆஸ்பத்திரியிலேயே சொல்லிவிட்டான். மாற்றம் சொன்னவள் ஏஞ்சல்தான். சர்ச் வாசலிலிருந்து பென்னி நிற்கும் இடம்வரை யாரையும் பிடிக்காமல் நடந்து போனால்தான் கல்யாணம் என்றாள். வீல்சேர் என்று பேச்செடுத்த வருங்கால மாமியாரிடம் ஒரு வாரம் முகம் கொடுக்கவில்லை. அவ்வளவு ரோஷம்.

செயற்கைக் காலின் மேல்பக்கம், மிச்சக் காலை நுழைக்கிற கிண்ணம்தான் சாக்கெட். முதலில் செய்தது உடம்புப் பாரத்தை முட்டிச்சில்லுக்குக் கீழே ஒரே இடத்தில் இறக்கியது. நிற்க உறுதி, ஆனால் தெருமுனைக்குப் போவதற்குள் அந்த இடம் கன்றிவிடும். கல்யாணம் தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது.

அடுத்த வீட்டு எப்சி, தாம்பரத்தில் செயற்கைக் கால் செய்யும் பட்டறையில் வேலை பார்ப்பவள். பாரத்தை மிச்சக் கால் முழுக்கச் சமமாகப் பங்குபோடும் புது மாதிரியைச் செய்து பார்க்கலாம் என்று, ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏஞ்சல் வீட்டிலேயே பிளாஸ்டர் சுற்றி அச்சு எடுத்தாள். பொழிச்சலூரில் விமானம் போகும்போது பேச்சு நிற்கும், கரண்டி நிற்கும், சண்டையும் நிற்கும். சத்தம் போனதும் விட்ட இடத்திலிருந்து தொடரும். எப்சியின் கையும் பழக்கதோஷத்தில் நின்றது. பிளாஸ்டர் நிற்கவில்லை. விமானம் ஏறிக்கொண்டிருக்கையிலேயே இறுகிவிட்டது.

புது சாக்கெட்டை மாட்டிய அன்றே விஷயம் தெரிந்துபோயிற்று. எப்சிக்கு அழுகையே வந்துவிட்டது. "பழசு வலிக்கும், ஆனா தரையில நிக்கும். இது வலிக்காது, தரையில நிக்காது. வேற அச்சு எடுக்கறேன்க்கா" என்றாள்.

ஏஞ்சல் கூடத்தை ஒரு சுற்று நடந்து வந்தாள். "கால் போனதுலேர்ந்து இன்னிக்குத்தான் வலிக்காம கீது. இதுவே இருக்கட்டும்" என்றாள்.

கல்யாணத்தன்று அவள் பாதி தூரம் வந்திருந்தபோது விமானம் வந்தது. பாட்டு நின்றது, பாஸ்டர் நின்றார், விசிறிக்கொண்டிருந்தவர்களின் கைகள் நின்றன. ஏஞ்சல் மேலே போனாள். பென்னி பிடிக்க ஓர் அடி எடுத்து வைத்தான். அவள் முறைத்ததும் பின்வாங்கினான். ஊரே நின்றிருக்க அவள் மட்டும் நிற்கவில்லை. வெள்ளைப் புடவைக் கொசுவத்தைச் சற்றே தூக்கிக்கொண்டு, காற்றில் ஒவ்வொரு அடியாக வைத்து வந்தாள். சத்தம் ஓய்ந்தபோது பென்னியின் பக்கத்தில் இறங்கினாள்.

இது நடந்து வந்ததில் சேருமா என்று யாருக்கும் தெரியவில்லை. பாஸ்டரே தயங்கினார். முன்வரிசையிலிருந்து பென்னியின் அம்மா எழுந்தாள்.

"நடந்துதான் வந்தா. நான் பார்த்துகினுதான இருந்தேன்" என்றாள். பாஸ்டர் விட்ட வார்த்தையிலிருந்து தொடர்ந்தார்.

எப்சி பிறகு தாம்பரத்தில் வைத்து வேறு அச்சு எடுத்து மூன்றாவது சாக்கெட்டும் செய்து தந்தாள். அது பீரோவுக்கு மேலே இருக்கிறது. பென்னி சீலிங் ஃபேனைக் கழற்றிச் சுவரில் ஒன்று மாட்டிவிட்டான். பரணில் இருக்கும் அண்டாவையோ கிறிஸ்துமஸ் ஸ்டாரையோ எடுக்க வேண்டுமென்றால் தெருவில் யாரும் ஏணி தேடுவதில்லை. மாமியார் உட்பட எல்லோருக்கும் ஏஞ்சல் ஒரே பதில்தான் சொல்கிறாள்: "அடுத்த ஃப்ளைட் வரட்டும், எடுத்துத் தரேன்."