கதாநாயகியின் இருமல்

வானொலி நாடக ஒலிப்பதிவில் சிவப்பு விளக்கு எரிந்ததுமே அவளுக்குத் தொண்டை அரித்தது. மூன்றாவது வரியில் இருமல் முட்டிக்கொண்டு வந்துவிட்டது.

"கதாநாயகி காதலைச் சொல்ற இடம்மா! இப்படி இருமினா அவன் ஓடியே போயிடுவான்," என்று சிரித்தார் இயக்குநர். "இப்படியே போனா வேற குரலைத்தான் பார்க்கணும்" என்றபோது சிரிக்கவில்லை.

அவளுக்கு அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. மாதக்கணக்கில் விடாத இருமல். நுரையீரலில் ஏதாவது இருந்துவிட்டால்? அன்று மாலை டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்து முடிப்பதற்குள் கணவனின் கையை நசுக்கியே விட்டாள்.

"நுரையீரல் சுத்தம். வயித்து அமிலம் மேல ஏறித் தொண்டையை உறுத்துது போல."

"நெஞ்செரிச்சலே கிடையாதே டாக்டர்?"

"அது இல்லாமலும் வரும். வாயில என்ன?"

"புதினா மிட்டாய். தொண்டைக்கு இதமா இருக்கும்னு..."

"நாள் முழுக்க இதேதான் டாக்டர்," என்று போட்டுக்கொடுத்தான் கணவன்.

"சிலருக்குப் புதினா இரைப்பையோட வாயைத் தளர்த்திடும். அமிலம் இன்னும் ஏறும். இதை விடுங்க, சாப்பிட்டதும் படுக்காதீங்க, மாத்திரை தரேன். அடங்க சில வாரம் ஆகும்."

போன உயிர் திரும்பி வந்தது. ஆனால் சில வாரமா? நாளைக்கே மறுபடி ஒலிப்பதிவு ஆயிற்றே!

வாசலுக்கு வந்ததும் இயக்குநரை போனில் பிடித்து எல்லாவற்றையும் சொன்னாள். நடுவில் இரண்டு முறை இருமினாள்.

"சரிம்மா. வரிக்கு வரி நிறுத்தி எடுப்போம், இருமலை நான் வெட்டிக்கிறேன். ஆனா ஒரு வாரம்தான்."

டாக்டர் சொன்னது சில வாரம். இவர் கொடுத்தது ஒரே வாரம். மருந்துக்கடைக்கு அவள் ஏறக்குறைய ஓடினாள்.