பெயர், ஊர், தேதி எழுதவும்

தை மாதத்தில் பூவிழிக்கு ஒரு வாரம் லீவு கிடைத்தது. ரெட்டிபாளையம் பக்கத்தில் ஒரு சிமெண்ட் ஆலையின் லேபில் அவள் வேலை பார்த்தாள். சூளையை நிறுத்திப் பழுது பார்க்கிற நாட்களில் லேபில் அதிக வேலை இருக்காது. நாற்பத்து மூன்று வயது, தனி ஆள், அரியலூரில் வாடகை வீடு. லீவு விட்டால் மற்றவர்கள் சொந்த ஊருக்குப் போவார்கள். அவள் பெட்டி பார்க்கப் போவாள்.

ஜியோகேஷிங் என்று அதற்குப் பெயர். ஒருவர் சின்னப் பெட்டி ஒன்றை எங்காவது ஒளித்துவைத்து, அது இருக்கும் இடத்தைச் செல்போன் செயலியில் குறித்துவிடுவார். முன்பின் தெரியாத இன்னொருவர் அதைத் தேடிக் கண்டுபிடித்து, உள்ளே இருக்கிற நோட்டில் பெயரும் தேதியும் எழுதிவிட்டு, எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போவார். பரிசு ஒன்றும் கிடையாது. யாரும் யாரையும் நேரில் பார்க்க வேண்டியதில்லை. அவளுக்கு அதில் பிடித்ததே அதுதான்.

அவள் வைத்த பெட்டிகள் மூன்று. செவ்வாய்க்கிழமை பெரம்பலூர் தாண்டி சாத்தனூருக்குப் போனாள். அங்கே கல்லாகிக் கிடக்கிற பழங்கால மரத்துக்குக் கொஞ்சம் தள்ளி, ஓடைக்கரைப் பாறை இடுக்கில் முதல் பெட்டி. கோயம்புத்தூர்க்காரர்கள் இரண்டு பேர் மார்கழியில் வந்து எழுதியிருந்தார்கள். ஓடை வழியே இரண்டு மணி நேரம் நடந்தாள். கல்லாகிப்போன சிப்பி ஒன்று கிடைத்தது. திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கிடந்த இடத்திலேயே போட்டாள். புதன்கிழமை கங்கைகொண்ட சோழபுரத்துப் பக்கம் ஒரு முந்திரித் தோப்பு. அங்கே பெட்டிக்குள் எறும்பு கூடு கட்டியிருந்தது. தட்டித் துடைத்து வைத்தாள். முந்திரி பூத்திருந்தது. நாள் முழுக்க யாரோடும் பேசவில்லை, டீக்கடையில் டீ கேட்டதைத் தவிர.

வியாழக்கிழமை காலை மேலக்கரை ஏரிக்குப் போனாள். கரைவெட்டி சரணாலயத்துக்கு வருகிற பறவைகளில் கொஞ்சம் இந்தச் சின்ன ஏரிக்கும் வரும். மதகுக்குப் பக்கத்தில், ஒரு புளியமரத்துப் பொந்தில் மூன்றாவது பெட்டி. ஏழெட்டு மாதமாக அவள் அந்தப் பக்கம் போகவில்லை. செயலியில் ஒருவரும் வந்ததாகப் பதிவில்லை. ஆனால் நோட்டைத் திறந்தால் முக்கால்வாசி எழுதி நிரம்பியிருந்தது.

'மூணாவது தெரு குழாயில் தண்ணி வந்து இருவது நாள் ஆவுது. ஆவன செய்யவும். சிந்தாமணி, மேலக்கரை.'

'எட்டரை பஸ் நிக்காம போவுது. கை காட்டியும் நிக்கல. அரியமுத்து.'

'சுடுகாட்டுப் பாதையில் கருவமுள். தூக்கிட்டுப் போறவங்க காலெல்லாம் முள்ளு.'

முப்பத்தொரு பதிவு. பலவற்றில் பெயர், ஊர், தேதி. பூவிழி பெட்டியின் மூடியைத் திருப்பிப் பார்த்தாள். அவள் ஒட்டிய காகிதத்தில் 'இது ஒரு விளையாட்டுப் பெட்டி' என்ற மேல்வரி மழையில் கரைந்து போயிருந்தது. மிச்சமிருந்தது இவ்வளவுதான்: 'பெயர், ஊர், தேதி எழுதவும்.'

எழுதியிருந்த கடைசிப் பக்கத்தில் ஒன்று மட்டும் வேறு மாதிரி இருந்தது. 'எம்மவ ஜெயங்கொண்டத்துல இருக்கா. ரெண்டு வருசமா எங்கூட பேச்சு இல்ல. ஆபீசர் ஒரு வார்த்தை சொல்லவும். ஜெகதாம்பாள்.' கீழே மகளின் போன் நம்பர்.

நோட்டைப் பையில் போட்டுக்கொண்டு பேசாமல் கிளம்பிவிடலாம் என்றுதான் அவளுக்குத் தோன்றியது. செயலியில் இந்த இடத்தை நீக்க ஒரு நிமிஷம் போதும். அதற்குள் கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மாள் வேகமாக வந்துவிட்டாள்.

"ஆபீஸ்லேர்ந்து வரீங்களாம்மா? எம்பேரு பொன்னாயி. நோட்டு எடுக்க எப்ப வருவாங்கன்னுதான் எல்லாரும் பாத்துக்கிட்டு இருக்கோம்."

"இல்லக்கா. நான் ஆபீஸ் இல்ல. இது ஒரு வெளயாட்டு."

"வெளயாட்டா?"

பூவிழி போனைக் காட்டி விளக்கிச் சொன்னாள். பொன்னாயி முழுக்கக் கேட்டாள். கேட்டு முடித்ததும் ஊர்ப்பக்கம் திரும்பி, "ஏ சிந்தாமணி! இங்க வா!" என்று குரல் கொடுத்தாள்.

மகளிர் குழுவில் கணக்கெழுதுகிற சிந்தாமணி வந்தாள். முக்கால்வாசிப் பதிவுகள் அவள் கையெழுத்துதான். எழுதத் தெரியாதவர்கள் சொல்லச் சொல்ல எழுதியிருக்கிறாள். விஷயத்தைக் கேட்டு அவள் முகம் சுருங்கியது.

"அப்ப இத்தன மாசமா நாங்க எழுதுனத யாருமே படிக்கலையா?"

"இப்பதான் நான் படிச்சேன்."

"நீங்க படிச்சு என்ன ஆவப்போவுது?" என்றாள் சிந்தாமணி.

கோபமாகச் சொல்லவில்லை, உண்மையாகவே கேட்டாள். ஏரியில் நத்தைகுத்தி நாரைகள் நின்றுகொண்டிருந்தன. பூவிழி நோட்டை மறுபடி முதல் பக்கத்திலிருந்து புரட்டினாள்.

"திங்கக்கெழம கலெக்டர் ஆபீஸ்ல மனு வாங்குவாங்க," என்றாள் பூவிழி. "எனக்கும் அன்னிக்கு லீவுதான்."

வெள்ளியும் சனியும் வீட்டில் உட்கார்ந்து ஒவ்வொன்றையும் தனித்தனி மனுவாக எழுதினாள். லேப் ரிப்போர்ட் எழுதுவதைப் போலத்தான் எழுதினாள்: எந்தத் தெரு, எந்தத் தேதி, எத்தனை நாள். ஞாயிற்றுக்கிழமை மேலக்கரைக்குக் கொண்டுபோய்க் கையெழுத்தும் கைநாட்டும் வாங்கினாள். வீட்டுக்கு வீடு உட்காரச் சொன்னார்கள். மூன்று இடத்தில் காபி. ஒரு வாரத்தில் பேசுவதை ஒரே நாளில் பேசியதில் தலை வலித்தது.

ஜெகதாம்பாள் வீடு கடைசியில் இருந்தது. மெலிந்த அம்மாள். வாசலிலேயே நின்றுகொண்டு, "எனக்கும் மனு எழுதிட்டியாம்மா?" என்று கேட்டாள்.

"இதுக்கெல்லாம் ஆபீஸ்ல மனு வாங்க மாட்டாங்கம்மா."

"வாங்க மாட்டாங்கன்னு தெரியும். எல்லாரும் எழுதுனாங்க, நானும் எழுதச் சொன்னேன்."

பூவிழி நோட்டில் அந்தப் பக்கத்தைத் திறந்தாள். பிறகு தன் போனிலிருந்தே அந்த நம்பரை அழைத்தாள். தான் யார், எப்படி இந்த நம்பர் கிடைத்தது என்று மகளிடம் சுருக்கமாகச் சொன்னாள். "அம்மா பக்கத்துலதான் நிக்கிறாங்க, குடுக்கட்டுமா?" என்று கேட்டாள். "இன்னிக்கு வேணாங்க. நம்பர் மாத்திட்டேன்னு அம்மா நெனச்சுக்கிட்டு இருக்கும். மாத்தலன்னு சொல்லிருங்க," என்றாள் மகள்.

பூவிழி அப்படியே சொன்னாள். ஜெகதாம்பாள் தலையாட்டினாள். "சாப்ட்டியாம்மா?" என்று இவளைத்தான் கேட்டாள்.

திங்கட்கிழமை ஷேர் ஆட்டோவில் எட்டுப் பேர் அரியலூருக்கு வந்தார்கள். வரிசையில் இரண்டு மணி நேரம் நின்று, முப்பது மனுவையும் கொடுத்து, ரசீது வாங்கினார்கள். சிந்தாமணி ரசீதுகளை ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டிக்கொண்டாள். செவ்வாய்க்கிழமை பூவிழி வேலைக்குப் போனாள்.

மனு கொடுத்த பதினோராம் நாள் மூன்றாவது தெருக் குழாயில் தண்ணீர் வந்தது. முள் வெட்டப் பங்குனியில் ஆள் வந்தார்கள். பஸ் இப்போதும் சில நாள் நிற்கிறது, சில நாள் நிற்பதில்லை. மற்ற மனுக்களுக்குப் பரிசீலனையில் இருப்பதாகப் பதில் வந்தது. ஏரிப் பெட்டியைச் செயலியிலிருந்து பூவிழி நீக்கிவிட்டாள். பெட்டியை எடுத்துவர ஒரு நாள் மறுபடியும் போனாள். சிந்தாமணி தரவில்லை.

"இருக்கட்டும்ங்க. பொந்துலயே கெடக்கட்டும். எழுதி வெச்சுக்கிட்டு மாசத்துக்கு ஒருக்கா நாங்களே கலெக்டர் ஆபீசுக்குப் போயிட்டு வரோம். உங்களுக்கு வேணும்னா வேற பொட்டி வாங்கிக்குங்க."

பூவிழி சரி என்றாள். அன்றைக்கு ஏரியில் தண்ணீர் பாதிக்கு வற்றியிருந்தது, வலசை வந்திருந்த வாத்துகள் போய்விட்டிருந்தன. கரையை ஒரு சுற்று நடந்துவிட்டு, வெயில் ஏறுவதற்குள் ஸ்கூட்டரை எடுத்தாள்.