பன்னிரண்டு குழாய் எச்சில்

சிறைக்குப் போய் எச்சில் வாங்கி வருவதுதான் வேலை என்றதும் வீட்டில் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த அவளுக்கும் சிரிப்புதான். ஆனால் மனநல டாக்டர் காரியமாகத்தான் கேட்டிருந்தார். பயந்தாலும், தூங்கி விழித்ததும் உடம்பில் கார்டிசால் என்ற ஹார்மோன் ஏறும்; ஈவிரக்கமில்லாமல் குற்றம் செய்கிற சிலருக்கு அது சரியாக ஏறுவதில்லையோ என்று அவருக்குச் சந்தேகம்.

மாலையில் பன்னிரண்டு கைதிகளிடம் விஷயத்தைச் சொல்லி, ஆளுக்கொரு குழாய் கொடுத்தாள். "கண்ணு முழிச்சதும் வாய் கொப்பளிக்காம இதுல துப்பி வைங்க."

பதினொரு பேர் முறைத்தார்கள். 'மாப்பிள்ளை' என்று மற்றவர்கள் கூப்பிட்டவன் மட்டும் சிரித்தான். "சாப்பிட்டீங்களாக்கா? முகம் வாடியிருக்கே."

மூன்று பெண்களைக் கல்யாணம் செய்து ஏமாற்றி வீட்டை எழுதி வாங்கியவன் என்று தெரிந்தும் அவளுக்கு மனசு குளிர்ந்துவிட்டது.

மறுநாள் காலை வாங்கி வந்து, ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது பன்னிரண்டு குழாயிலும் ஒரே அளவு, அதுவும் அடிமட்டம். மெஷின் மக்கர் பண்ணுகிறதென்று மறுபடி ஓட்டினாள். அதேதான். டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "ஏம்மா, எல்லாம் ஒருத்தன் எச்சிலா?"

இருவரும் நேரே சிறைக்குப் போனார்கள். மலைபோல் இருந்த 'யானை' முதல் கேள்விக்கே பொலபொலவென்று அழுதுவிட்டான். "அளவு கம்மியா இருந்தா சீக்கிரம் விட்டுருவாங்கன்னு மாப்பிள்ளை சொன்னான் மேடம். அவனுக்குப் பயமே கிடையாதாம். அவன் எச்சிலுக்கு ஒரு வாரமா என் பிஸ்கெட்டெல்லாம் போச்சு."

"வெட்கமா இல்ல?" என்று மாப்பிள்ளையிடம் பாய்ந்தாள்.

"எதுக்குக்கா? விட்டுருவாங்கன்னு ஒரு வாரம் நிம்மதியா தூங்கினாங்கல்ல?" அவள் குழாய்ப் பெட்டியை மேஜையில் அறைவதை அவன் வேடிக்கை பார்த்தான்.

மாட்டிக்கொண்ட பயம் எச்சிலில் தெரிய நேரமாகும் என்று, அரை மணி கழித்து எல்லோரையும் கண்ணெதிரே துப்ப வைத்தார் டாக்டர். ஆத்திரத்தில் அவளும் ஒரு குழாயில் துப்பினாள். யானைக்குத்தான் உச்சம், அவள் அடுத்த இடம். மாப்பிள்ளைக்கு அசையவே இல்லை.

"அப்போ உறுதியாயிடுச்சா சார்?"

"ஒரு ஆளை வெச்சு என்னம்மா சொல்றது? என் தம்பிக்கும் இவ்வளவுதான். தீயணைப்புல இருக்கான். பூனைக்குட்டிக்காகக் கூரை ஏறுவான்."

அடுத்த முறை போனபோது யானை ஓடி வந்தான். "எனக்கு ரொம்ப அதிகமாமே, விட மாட்டாங்களா?"

"அதுக்கும் விடுதலைக்கும் சம்பந்தமே இல்லப்பா. அது மாப்பிள்ளை கட்டின கதை."

பெருமூச்சு விட்டு முகத்தைச் சட்டையில் துடைத்துக்கொண்டவன், கேட்காமலேயே அடுத்த குழாய்க்குக் கை நீட்டினான்.